முப்பத்தேழு பிடிஎஃப்களும் இரண்டு ‘தொகுதி’களும்: ஒரு கோப்பு இடமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

திங்கள் காலை ஒன்பதரைக்கு வந்த முதல் அழைப்பு: “அண்ணா, தொகுதி பதினாலு திறக்குது. அட்டை வருது. அதுக்கப்புறம் எல்லாம் வெள்ளைத்தாள்.”

முந்தைய நாள் மதியம்தான் “இடமாற்றம் முடிந்தது, பிழை எதுவும் இல்லை” என்று குழுவுக்கு எழுதியிருந்தேன். எழுதியது பொய்யில்லை. இரு பக்கமும் ஒன்றாகும்படி கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்திருந்தது. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தபோதும் அனுப்ப எதுவுமே மிச்சமில்லை என்றது. அப்படியிருந்தும் 37 பிடிஎஃப்கள் பாழாகியிருந்தன. அவற்றின் அளவு மூலத்தோடு பைட் சுத்தமாகப் பொருந்தியது, தேதியும் நொடி பிசகாமல் பொருந்தியது. உள்ளே இருந்ததுதான் வேறு.

அந்த வார இறுதி முழுக்க எங்கள் கவலை, வழியில் யாராவது ஒட்டுக்கேட்டுவிடுவார்களோ என்பதுதான். வழியில் ஒன்றுமே நடக்கவில்லை. தவறுகள் எல்லாம் இரண்டு முனைகளிலும், எங்கள் கைகளாலேயே நடந்தன. என்னென்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதை வரிசையாகப் பதிந்துவைக்கிறேன். கட்டளைகளையும் விருப்பங்களையும் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அதனதன் எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

களம்

பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று, புதிய லினக்ஸ் சர்வர் ஒன்று. ஸ்கேன் செய்த பக்கங்கள், அவற்றிலிருந்து தொகுத்த பிடிஎஃப்கள், கொஞ்சம் ஒலிப்பதிவுகள் என்று 412 ஜிபி. எண்ணிக்கையில் ஏறக்குறைய 1,86,000 கோப்புகள். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் தமிழில். இவை போக, திருத்தம் செய்தவர் ஒருவரின் மேக் கணினியில் செருகியிருந்த வெளி டிஸ்க்கிலும் ஒரு பங்கு இருந்தது.

இரண்டு சர்வர்களுக்கும் இடையே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு. அதாவது 12.5 மெகாபைட், கையில் கிடைப்பது 11 என்று வைத்துக்கொண்டால் 412 ஜிபிக்குப் பத்தரை மணி நேரம். வெள்ளி இரவு எட்டுக்குத் தொடங்கினால் சனி காலை ஆறரைக்கு முடிந்துவிடும். தாளில் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

வெள்ளி இரவு

குழுவில் இளையவர் ஒருவர் வேலையைத் தொடங்கினார். புதிய சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையால் பழைய சர்வரின் கோப்புகளை இழுப்பது திட்டம். இழுப்பதா தள்ளுவதா என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: பல வருடமாகத் திறந்து கிடந்த பழைய இயந்திரத்தில் புதிய இயந்திரத்துக்குள் நுழையும் சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் கோப்பை) வைக்கக் கூடாது. சாவி புதியதில் இருக்கட்டும், அது போய்ப் பழையதைத் தட்டட்டும். இந்த ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்தோம்.

முதல் முயற்சி தோற்றது. பழைய சர்வரின் எஸ்எஸ்எச், அதாவது மறைகுறியாக்கிய தொலைநுழைவுச் சேவை, வழக்கமான 22-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) இல்லை. எஸ்எஸ்எச் கட்டளைக்குப் போர்ட்டைச் சொல்ல சின்ன ‘பி’. எஸ்சிபிக்குப் பெரிய ‘பி’. அங்கே சின்ன ‘பி’ கோப்பின் நேரத்தையும் அனுமதிகளையும் அப்படியே காக்கும் விருப்பத்துக்குப் போய்விட்டது, எஸ்சிபிக்கு முன்னோடியான ஆர்சிபி காலத்துச் சொத்து. பிழை வந்ததும் அவர் சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டார். உண்மையில் இரண்டும் வேண்டியிருந்தது. அதன் விலை மறுநாள் தெரிந்தது.

எஸ்சிபி ஓட ஆரம்பித்தது, ஆனால் கணக்குப்படி ஓடவில்லை. சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் அலைவரிசையைவிடக் காத்திருப்புதான் பெரிய செலவு. இரு சர்வர்களுக்கும் இடையே ஒரு போய்வருகைக்கு 40 மில்லி நொடி. ஒரு கோப்புக்கு இரண்டு போய்வருகை என்று குறைவாக வைத்தாலே 1,86,000 கோப்புகளுக்கு 14,880 நொடி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறுமனே பதிலுக்குக் காத்திருப்பதில் போகும். சராசரி 8 மெகாபைட்டுக்கு இறங்கியது.

இன்னொன்று யாருக்கும் உறைக்கவில்லை. பழைய சர்வரில் ‘அண்மை’ என்று ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் சுட்டி, இருந்தது. கடைசியாக வேலை நடந்த 58 ஜிபி கோப்புறையைச் சுட்டுவது. எஸ்சிபி கோப்புறைகளை அடியோடு நகலெடுக்கும்போது சிம்லிங்குகளைப் பின்தொடர்ந்து போகும். சுட்டியை நகலெடுக்காமல் சுட்டப்பட்டதையே மறுபடி நகலெடுத்தது. அந்த 58 ஜிபி இரண்டு முறை வந்தது.

அதிகாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். அறுந்தது சர்வர்களுக்கு இடையிலான இணைப்பு இல்லை. அவருடைய மடிக்கணினி மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிட்டது. அதிலிருந்து புதிய சர்வருக்குப் போன எஸ்எஸ்எச் அமர்வு செத்தது. அமர்வோடு சேர்ந்து எஸ்சிபியும் போனது. டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் தொடங்கியிருந்தால் மடிக்கணினி தூங்கட்டும், உடையட்டும், வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்சிபிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. அதைவிட மோசமான குணம் ஒன்றும் உண்டு: போய்ச் சேர வேண்டிய பெயரிலேயே நேராக எழுதும். ஆகவே பாதியில் நின்ற கோப்பு, முழுக் கோப்பு போலவே அதே பெயரில் உட்கார்ந்திருக்கும். ஆர்சிங்க் அப்படியில்லை, வழக்கமாக ஒளிந்த தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்து சரிபார்த்த பிறகே உண்மைப் பெயரைச் சூட்டும். எஸ்சிபியின் நெறிமுறை பழையது, வளையாதது, எளிதில் திருத்த முடியாதது என்று எஸ்எஸ்எச்சின் பரவலான வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதும் குழுவே 2019-இல் 8.0 பதிப்பின் குறிப்பில் எழுதி, வேறு கருவிகளுக்கு மாறச் சொன்னது. 2022-இல் வந்த 9.0 முதல் எஸ்சிபி என்ற பெயருக்கு அடியில் ஓடுவது எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு நெறிமுறை. பெயரும் பழக்கமும் மட்டும் மிச்சம்.

சனிக்கிழமை காலை: கம்பியைக் காப்பாற்றிய கணக்கு

காலையில் நான் ஆர்சிங்கை எடுத்தேன், டிமக்ஸுக்குள். ஆவண முறைக்கான ‘ஏ’, பாதிக் கோப்பைத் தூக்கியெறியாமல் வைத்திருக்கும் ‘பார்ஷியல்’. அழுத்தி அனுப்பும் ‘இசட்’ போடவில்லை. ஜேபெக்கும் பிடிஎஃப்பும் ஏற்கெனவே அழுத்தப்பட்டவை, மறுபடி பிழிந்தால் சிபியு சூடாவதுதான் மிச்சம். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் கோப்புறைக்குள் இருப்பது வரும், இல்லாவிட்டால் கோப்புறையே வரும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் விட்டுவிட்டேன். பதினைந்து நிமிடம் கழித்துக் கோப்புறைக்குள் கோப்புறை. டிரை-ரன் விருப்பத்தோடு ஒத்திகை பார்த்திருந்தால் முதல் பத்து வரியிலேயே தெரிந்திருக்கும்.

சரிசெய்து ஓட்டினால், இரவே வந்துவிட்ட 145 ஜிபியை ஆர்சிங்க் தாண்டிப் போகவில்லை, ஒவ்வொன்றாக நோண்டியது. ஒரு கோப்பை விட்டுவிடலாமா என்று ஆர்சிங்க் பார்ப்பது இரண்டே: அளவு, கடைசியாக மாற்றிய நேரம். சின்ன ‘பி’ இல்லாமல் எஸ்சிபி கொண்டுவந்த கோப்புகளில் எல்லாம் வந்து இறங்கிய நேரம் பதிந்திருந்தது. நேரம் பொருந்தவில்லை, ஆகவே ஆர்சிங்க் எல்லாவற்றையும் சந்தேகித்தது.

சந்தேகித்தாலும் முழுதாக அனுப்பவில்லை. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரஸும் 1996-இல் உருவாக்கிய வழி இந்த மாதிரி இக்கட்டுக்கே ஆனது. பெறும் பக்கம் தன்னிடம் உள்ள கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டுத்தொகைகளை அனுப்புகிறது: ஒன்று மலிவானது, மற்றது வலுவானது. அனுப்பும் பக்கம் தன் கோப்பின் மீது ஒரு சாளரத்தை பைட் பைட்டாக நகர்த்திக்கொண்டே போகிறது. மலிவான தொகை, சாளரம் ஒரு பைட் நகரும்போது முதலிலிருந்து கூட்டத் தேவையில்லாதபடி அமைந்தது: போனதைக் கழி, வந்ததைக் கூட்டு. அது பொருந்தினால் மட்டும் வலுவானதைக் கணக்கிட்டு உறுதிசெய்யும். பொருந்திய துண்டு கம்பியில் போகாது. “இது உன்னிடமே இருக்கிறது” என்ற செய்தி மட்டும் போகும். அந்த 145 ஜிபிக்குக் கம்பியில் போனது சொற்பம். ஆனால் இரண்டு பக்க டிஸ்க்குகளும் ஒவ்வொரு பைட்டையும் படித்தாக வேண்டியிருந்தது. நேரத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் பார் என்று சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. இரவு நடந்ததைப் பார்த்த பிறகு அதை நம்ப மனம் வரவில்லை. மிச்சக் கோப்புகளும் சேர்ந்து முடிய இரவு பதினொன்று.

தவறான கதவு

இதற்கிடையில் சனி மதியம் மேக் வைத்திருந்தவரின் கதை. முந்தைய நாள் அவர் புதிய சர்வருக்குள் ஒருமுறை போய் வந்திருந்தார். சனி காலை அதன் முகவரியை மாற்றினோம், அவரிடம் சொல்லவில்லை. பழைய முகவரி, வேறொரு குழுவின் சோதனை இயந்திரத்துக்குப் போயிருந்தது. அவர் பழைய முகவரியைத் தட்டியதும் திரை நிறைய ‘அட்’ குறிகளோடு அந்தப் பெரிய எச்சரிக்கை வந்தது: எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று.

அவர் செய்தது, நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது. “புது சர்வர்தானே, மறுபடி நிறுவியிருப்பாங்க” என்று நினைத்து, தெரிந்த சர்வர்களின் அடையாளங்களை வைத்திருக்கும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து பழைய பதிவை நீக்கினார். புதிய கைரேகை (சர்வர் சாவியின் சுருக்க அடையாளம்) வந்தது, ‘யெஸ்’ என்று அடித்தார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். ஏற்கவில்லை. தட்டச்சுப் பிழை என்று மறுபடி. மூன்றாம் முறையும் தோற்ற பிறகு என்னை அழைத்தார். அதற்குள் எங்கள் சர்வரின் கடவுச்சொல் மூன்று முறை, மிகப் பத்திரமாக, அந்நிய இயந்திரத்தின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது.

எஸ்எஸ்எச் பிறந்த கதையை நினைத்தால் இது கொஞ்சம் வேடிக்கை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கம்பியை ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அப்போதிருந்த டெல்நெட்டும் எஃப்டிபியும் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டை போல அனுப்பியவை. அதற்குப் பதிலாகத்தான் டாடு யிலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று கம்பியைத் தொட்டு ஒரு பிட்டைப் புரட்டினாலும் அந்தப் பொதியின் சரிபார்ப்பு தோற்று இணைப்பே அறுந்துவிடும். ஆனால் உறையை ஒட்டி அரக்கு வைத்துத் தவறான வீட்டில் கொடுத்தால், அந்த வீட்டுக்காரர் பிரித்துப் படிக்கத்தான் செய்வார். கடவுச்சொல் முறையில் எதிர்முனைக்கு உங்கள் கடவுச்சொல் முழுதாகவே தெரியும். வழக்கமான எஸ்எஸ்எச் சேவை அதை லாக்கில் எழுதாது. மாற்றி அமைத்த ஒன்று எழுதலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சாவி முறையில் இது நடக்காது. தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. அது போடும் கையொப்பம் மட்டும்தான் போகிறது. அந்தக் கையொப்பம் அந்த ஒரு அமர்வின் அடையாளத்தோடு பிணைந்தது. தவறான இயந்திரத்துக்குப் போனால் அது கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் கடவுச்சொல் வெளியே போய்விட்டதாகவே எடுத்துக்கொண்டு அன்றே மாற்றினோம். “நம்ம பக்கத்துக் குழுதானே” என்ற பேச்சு வந்தது, நான் ஒப்பவில்லை. பிறகு ஒவ்வொருவரும் ஈடி25519 வகைச் சாவி உருவாக்கி, அதற்குக் கடவுத்தொடரும் போட்டு, வெளியே கொடுக்கக்கூடிய பாதியான பொதுச்சாவியை மட்டும் தந்தார்கள். சர்வரில் கடவுச்சொல் நுழைவையே அடைத்தோம். சர்வரின் கைரேகையை நேரடித் திரையில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் எடுத்து, சர்வர் வழியாக இல்லாமல் வேறு வழியில் எல்லோருக்கும் கொடுத்தோம். 43 எழுத்து. கண்ணால் ஒப்பிட யாரும் மாட்டார்கள், முதல் நான்கைப் பார்த்துவிட்டு ‘யெஸ்’ அடிப்பார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல் அந்த இடத்தில் ‘யெஸ்’ என்பதற்குப் பதில் கைரேகையையே ஒட்டலாம்; பொருந்தாவிட்டால் அது உள்ளே விடாது. இந்த வசதி ஏன் இன்னும் பரவலாகவில்லை என்பது எனக்குப் புதிர்.

1466264675

சாவி வேலை செய்தது. எஸ்எஸ்எச்சில் நுழைய முடிந்தது. ஆனால் அதே மேக்கிலிருந்து எஸ்எஃப்டிபி தொடங்கினால், வந்த செய்தி மிக நீளம், நீளம் 1466264675 என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. எஸ்எஸ்எச் திறக்கிறது, எஸ்எஃப்டிபி திறக்கவில்லை என்றால் எல்லோரும் தீயரணைச் (ஃபயர்வாலை) சந்தேகிப்பார்கள். நாங்களும் முக்கால் மணி நேரம் அங்கேதான் இருந்தோம். இரண்டும் ஒரே போர்ட் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

விடை எண்ணுக்குள்ளேயே இருந்தது. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியின் முதல் நான்கு பைட்டுகள் அதன் நீளம். 1466264675-ஐ நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 87, 101, 108, 99. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய டபிள்யூ, சின்ன ஈ, எல், சி. ‘வெல்கம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள்! எந்த சர்வரில் இருக்கிறோம் என்று குழம்பக் கூடாதே என்று நம் இளையவர் காலையில், கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரவேற்பு வரி சேர்த்திருந்தார். எஸ்எஸ்எச் வழியாக ஒரு கட்டளை ஓடும்போதும் பாஷ் அந்தக் கோப்பைப் படிக்கும். எஸ்எஃப்டிபி உரையாடல் தொடங்கும் முன் வரவேற்பு போய்விழுந்தது. எதிர்முனை அதை நீளமாக வாசித்தது. மனிதர் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பேசும்படி அந்த வரியைத் திருத்தியதும் சரியாயிற்று. இதே காரணத்தால் ஆர்சிங்க் தோற்றால் “உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?” என்று நேராகவே கேட்கும். அந்த அளவுக்குப் பழைய எஸ்எஃப்டிபிக்குப் பக்குவம் போதாது.

இரண்டு ‘தொகுதி’கள்

மேக்கின் வெளி டிஸ்க்கிலிருந்து திருத்திய கோப்புகளைப் புதிய சர்வருக்கு அனுப்பி முடித்ததும், பட்டியலில் ‘தொகுதி’ என்ற கோப்புறை இரண்டு இருந்தது. அருகருகே, எழுத்துக்கு எழுத்து ஒன்று. ‘பொருளடக்கம்’ இரண்டு. ‘நோட்டுகள்’ இரண்டு. ‘கடிதங்கள்’ மட்டும் ஒன்றே ஒன்று. கடைசியில் இடைவெளி இருக்குமோ என்று தேடினேன், இல்லை.

பைட்டுகளாகக் கொட்டிப் பார்த்தேன். ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட். யூனிகோடில் ‘தொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ‘த’வுக்குப் பின் ஒகரக்குறி என்ற ஒரே குறி, அதன் யூனிகோடு எண் 0பிசிஏ. அல்லது அதையே பிரித்து, எகரக்குறியும் கால்குறியுமாக இரண்டு குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இங்கே ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் நீளம் மட்டும் மாறும். அந்த வெளி டிஸ்க் மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் வகை. அது பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறு என்றால் பெயர் வேறு. தமிழில் இப்படிப் பிரிபவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ‘ஔ’ என்ற உயிரெழுத்தும்தான். அதனால்தான் ‘கடிதங்கள்’ தப்பித்தது. எல்லாப் பெயரும் இரட்டித்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். சில மட்டும் இரட்டித்ததுதான் குழப்பியது.

ஆர்சிங்க் 3.0 முதல் இதற்கென ‘ஐகான்வ்’ விருப்பம் இருக்கிறது. மேக்கிலிருந்து ஓட்டும்போது இந்தப் பக்கம் யூடிஎஃப்-8-மேக், அந்தப் பக்கம் யூடிஎஃப்-8 என்று சொன்னால் வழியிலேயே சேர்த்துவிடும். அந்த மேக்கில் உடன்வந்த ஆர்சிங்க் 2.6.9, அதற்கு இந்த விருப்பமே தெரியாது. தனியாகப் புதியதை நிறுவி, தவறாக வந்த பிரிவடிவக் கோப்புறைகளை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினோம். அழிக்கும்போது பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள், விசைப்பலகை தருவது சேர்ந்த வடிவம், நல்ல கோப்புறை போய்விடும். ஒவ்வொரு கோப்புறைக்கும் சர்வர் உள்ளே தரும் ஐநோடு எண்ணைப் பார்த்து அழித்தோம்.

ஞாயிறு: ஒன்பது நிமிடம்

இனி என் முறை. ஞாயிறு காலை, சனி இரவுக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுக்க இரண்டாவது சுற்று. பெரிய கோப்புகள் ஏதாவது பாதியில் இருந்தால் சீக்கிரம் முடியட்டும் என்று ‘அப்பெண்ட்’ விருப்பத்தைச் சேர்த்தேன். எங்கள் பழைய குறிப்பேட்டில் “அப்பெண்ட்: பாதிக் கோப்பைத் தொடரும், முழுதும் சரிபார்க்கும்” என்று எழுதியிருந்தது. ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அந்த வேகத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பெருமை.

அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் உண்மை. ஆர்சிங்க் 3.0-க்கு முன்னால் அப்பெண்ட் அப்படித்தான் நடந்துகொண்டது. 3.0 முதல் சரிபார்ப்போடு கூடியதற்கு ‘அப்பெண்ட்-வெரிஃபை’ என்று தனிப் பெயர். வெறும் அப்பெண்ட், பெறும் பக்கத்தில் இருக்கும் பகுதி சரியானது என்று நம்பிவிடும். இங்கே இவ்வளவு பைட் இருக்கிறதா, அங்கே அதைவிட நீளமா, அப்படியானால் வாலை மட்டும் ஒட்டு. அவ்வளவுதான் அதன் வேலை.

ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பழைய சர்வரில் குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு க்ரான் வேலை ஓடியது. மனிதர்களிடம் வெள்ளி மாலையே “கை வைக்காதீர்கள்” என்று சொல்லியிருந்தோம், க்ரானிடம் சொல்லவில்லை. வெள்ளியன்று சேர்ந்த கடைசி ஸ்கேன்களையும் சேர்த்து அது 37 பிடிஎஃப்களை முதலிலிருந்து கட்டியது. எல்லாமே கொஞ்சம் நீண்டன. உள்ளே எல்லாம் இடம் மாறின. ஆர்சிங்க் பார்த்தது நீளத்தை மட்டும்: சனிக்கிழமைக் கோப்பின் உடலில் ஞாயிற்றுக்கிழமைக் கோப்பின் வாலை ஒட்டியது. ‘ஏ’ விருப்பம் இருந்ததால் மூலத்தின் தேதியையும் அதற்குச் சூட்டியது. அளவு சரி, தேதி சரி. அதற்குப் பின் எத்தனை முறை ஓட்டினாலும் ஆர்சிங்க் அந்தக் கோப்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் மென்பொருள் கடைசியிலிருந்துதான் தொடங்கும். எந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்ற அட்டவணை வாலில் இருக்கிறது. இங்கே புது அட்டவணை, பழைய உடல். அட்டை மட்டும் இடம் மாறாமல் தப்பித்ததால் அது தெரிந்தது, பிறகு வெள்ளைத்தாள்.

திங்களன்று கண்டுபிடிக்க உதவியது ஆர்சிங்கின் ‘சி’ விருப்பம்: அளவையும் தேதியையும் நம்பாமல் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் இரு பக்கமும் கணக்கிட்டு ஒப்பிடு என்பது. ஒத்திகையாக, எதையும் மாற்றாமல், வேறுபாட்டை வரிக்கு வரி சொல்லும்படி ஓட்டினேன். 412 ஜிபியை இருபுறமும் படிக்க மூன்று மணி நேரம். 37 வரிகள் வந்தன. கம்பியில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. நான் கேட்டதை ஆர்சிங்க் நேர்மையாகச் செய்திருந்தது.

அந்த 37-ஐயும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, பட்டியலைக் கொடுத்து முழுதாக இழுத்தோம். 19 ஜிபி, அரை மணி நேரம்.

பிறகு

க்ரானை நிறுத்தி, பழைய சர்வரின் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் என்று மாற்றி ஏற்றினோம். மூலம் அசைந்துகொண்டிருக்கும்போது எடுத்த எந்த ஒப்பீடும் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் செல்லும். பிறகு பழைய சர்வரில் எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 (உள்ளடக்கத்தின் கைரேகை) பட்டியல் எடுத்தோம். பெயர்களை வெற்று பைட்டால் பிரித்துத்தான் குழாயில் அனுப்ப வேண்டும். இடைவெளி உள்ள பெயர்கள் எங்களிடம் நிறைய. பட்டியலைப் புதிய சர்வருக்குக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னோம். தேறாதது எதுவும் இல்லை. இந்தச் சரிபார்ப்பு பட்டியலில் இருப்பது வந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். பட்டியலில் இல்லாதது கூடுதலாக இருக்கிறதா என்று சொல்லாது. அதைத் தனியாக எண்ணினோம். ‘அண்மை’ என்ற பெயரில் வெள்ளி இரவு வந்த 58 ஜிபி இரட்டை அப்போதுதான் சிக்கியது. நல்ல தரவுதான், ஆனால் சுட்டி இருக்க வேண்டிய இடத்தில் முழுக் கோப்புறை. அப்படியே விட்டிருந்தால் யாராவது ஒருநாள் இதிலும் அதிலும் தனித்தனியாகத் திருத்த ஆரம்பித்திருப்பார்கள்.

பழைய சர்வரை இன்னும் ஒரு மாதம் ஓடவிடுவதாக முடிவு. அதுவரை இரவில் ஆளில்லாமல் ஓடும் ஒப்பீட்டுக்குக் கடவுத்தொடர் இல்லாத ஒரு சாவி வேண்டியிருந்தது. எந்தச் சாவிகள் உள்ளே வரலாம் என்று சொல்லும் பழைய சர்வரின் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் மூன்று கட்டுப்பாடுகள் போட்டோம்: கூடுதல் வசதிகளை அடைக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட்’, புதிய சர்வரின் முகவரியிலிருந்து மட்டும், ஓடக்கூடிய கட்டளை ஆர்சிங்கைக் கட்டுப்படுத்தி ஓட்டும் ஆர்ஆர்சிங்க் மட்டும், அதுவும் அந்த ஒரு கோப்புறைக்குள், படிக்க மட்டும். இதை எழுதும்போது ஸ்கிரிப்டை மறுபடி படித்தேன். எஸ்எஸ்எச்சுக்குப் போகும் விருப்பங்களில், சர்வரின் சாவியைச் சரிபார்க்காதே என்ற வரி ஒன்று இருந்தது. வெள்ளி இரவு அவசரத்தில் சேர்த்தது. யார் சேர்த்தார்கள் என்று லாக்கில் பார்த்தேன். நான்தான்.

மாதம் முடிந்து அணைக்கும் நாளில் கடைசியாக ஒருமுறை ஒப்பீட்டை ஓட்டினோம். வேறுபாடு ஒரே ஒரு கோப்பில் வந்தது: ‘தொகுதி’க்குள் ஒரு பொருளடக்கம். பதறிப் பார்த்தால், புதிய சர்வரில் ஒருவர் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தியிருந்தார். சரியான இடத்தில், சரியான கோப்பில். ஆத்தரைஸ்டு-கீஸிலிருந்து அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டுப் பழைய சர்வரை அணைத்தோம்.